பதினொண்ணா, பதினேழா

போளூரிலிருந்து மலைக்குப் போகிற பஸ் பாதையில் மண் சரிந்து மூன்று நாளாகியிருந்தது. சந்தவாசலில் இறங்கி ஒற்றையடிப் பாதையாக நடந்து ஏறுவதைத் தவிர அமலநாதனுக்கு வேறு வழியில்லை. கையில் குடை. சட்டைக்குள்ளே, வயிற்றோடு ஒட்டி, உரச்சாக்கின் உள்பையில் சுற்றிய மனு. நாளை மாலை மூன்று மணிக்குள் அந்த மனு, மலைமேல் இருக்கிற கட்சிக்காரர் வேடியப்பனின் கைநாட்டோடு போளூர் முன்சீப் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தவறினால் வேடியப்பனின் நாலு ஏக்கர் கொல்லையும் அதிலிருக்கிற ஒன்பது புளியமரமும் வழக்குப் போட்ட புளி மண்டிக்காரருக்குப் போய்விடும்.

வக்கீல் தசரதனிடம் அமலநாதன் குமாஸ்தாவாகச் சேர்ந்து பத்தொன்பது வருஷம். கோர்ட்டில் எழுந்து நின்று பேசுகிற வேலை ஒன்றுதான் வக்கீலுடையது, மற்றதெல்லாம் குமாஸ்தா தலையில். வக்காலத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், ஸ்டாம்பு ஒட்ட வேண்டும், மனுவை டைப் அடித்து, கோர்ட்டில் மனுக்களை வாங்கிச் சரிபார்க்கிற சிரஸ்தார் மேஜையில் கொடுக்க வேண்டும், அவர் குறை எழுதித் திருப்பினால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். தீர்ப்பு நகலுக்குப் போட வேண்டும். நடுங்குகிற சாட்சிக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே டைரி. கோர்ட்டில் வாய்தா சொல்லச் சொல்ல, எந்தக் கேஸ் எந்தத் தேதி என்று எழுதிவைக்கிற அந்த நீளமான சிவப்பு அட்டை டைரி. வக்கீலின் பிழைப்பும் கட்சிக்காரர்களின் தலையெழுத்தும் அதில்தான் இருந்தன. பத்தொன்பது வருஷத்தில் தசரதன் ஒருநாளும் அதைச் சரிபார்த்ததில்லை.

தப்பு நடந்தது புரட்டாசி மாதத்தில். அன்றைக்கு ஏழு கேஸ் கட்டு. வராந்தாவில் ஒரே இரைச்சல். பெஞ்ச் கிளார்க் 'பதினொண்ணு' என்று சொன்னது அமலநாதனுடைய காதில் 'பதினேழு' என்று விழுந்தது. அப்படியே டைரியில் எழுதினார். ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதி வேடியப்பனிடம் கொடுத்து, "ஐப்பசி பொறக்கற நேரம், அக்டோபர் பதினேழு. இன்னும் இருபத்தேழு நாளு கீது. சாட்சிங்கள இட்டுகினு வந்துடு" என்றார்.

பதினொன்றாம் தேதி தசரதன் வேலூர் போயிருந்தார். அமலநாதன் ஆபீசில் உட்கார்ந்து வேறொரு மனுவை டைப் அடித்துக்கொண்டிருந்தார். கோர்ட்டுக்கும் அந்த ஆபீசுக்கும் கூப்பிடு தூரம்தான். கோர்ட் டவாலி வெளியே வந்து 'வேடியப்பன்' என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். டைப் மிஷின் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை. பிரதிவாதி வரவில்லை, வக்கீலும் இல்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது. சாயந்திரம் பெஞ்ச் கிளார்க் சொல்லித்தான் தெரிந்தது.

அமலநாதன் ஆபீசுக்கு ஓடினார். பதினேழாம் தேதிப் பக்கத்தில் இருந்த வரியை பிளேடால் சுரண்டி எடுத்தார். பதினொன்றாம் தேதிப் பக்கத்தில் அதே மையால் அதே வரியை எழுதினார். மறுநாள் தசரதன் கேட்டபோது, "சொல்லித்தான் சார் அனுப்பினேன். வரல" என்றார்.

பதினேழாம் தேதி காலையில் வேடியப்பன் மூன்று சாட்சிகளோடு, தலையில் புதுத்துண்டு கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க பதினேழுன்னு சொன்னீங்களே சாமி?"

"பதினொண்ணுன்னுதாம்பா சொன்னேன். உன் காதுல எப்படி வுழுந்துச்சோ" என்றார் அமலநாதன். தன் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே திக்கென்றது.

ஒருதலைத் தீர்ப்பை நீக்கச் சொல்லி மனுப் போட முப்பது நாள் அவகாசம். நகல் வாங்குவதில் கொஞ்சம், தீபாவளியில் கொஞ்சம், மழையில் கொஞ்சமென்று நாள் ஓடி, இப்போது மிச்சம் ஒருநாள்.

அந்த நாட்களில் அமலநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று ஞாயிறு கோயிலுக்குப் போயும் நற்கருணை வாங்காமல் பின்வரிசையிலேயே நின்றார். மனைவி பிலோமினாள் அதைக் கவனித்தாள். "இன்னா ஆச்சி உங்களுக்கு? பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்கவேண்டியதுதான?" என்றாள். "வவுறு சரியில்ல" என்றார். மூத்தவள் சாந்தாமேரிக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தது. வக்கீல் குமாஸ்தா என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருந்தார்கள்.

வேடியப்பனின் ஊரான வேங்கைப்பட்டை அடைந்தபோது பகல் பதினோரு மணி இருக்கும். இரண்டு கானாறுகளை முழங்கால் தண்ணீரில் தாண்டியிருந்தார். இரண்டாவதில் செருப்பில் ஒன்று போய்விட்டது. மழை விட்டிருந்தது, ஆனால் மேகம் கூரைமேல் உட்கார்ந்த மாதிரி தாழ்ந்து நின்றது. வேடியப்பன் வீட்டு வாசலில் அறுத்த சாமைக் கதிரை மூட்டமாகக் குவித்து, மேலே தேக்கிலை பரப்பி மூடியிருந்தார்கள்.

"அய்யய்யோ, குமாஸ்தா ஐயா வந்துக்கீறாரு!" என்று வேடியப்பனின் மனைவி கன்னியம்மாள் எழுந்து ஓடிவந்தாள். "இந்த மழையில எங்களுக்கோசரம் நடந்தே வந்தீங்களா சாமி? காலப் பாரு, ரத்தம்."

வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இலை போட்டு, புதுச்சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் வைத்தாள். அமலநாதன் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் எதிரே குந்தி உட்கார்ந்து கணவனைக் காட்டிச் சொன்னாள்.

"கேளுங்க சாமி இந்த மனுசன் பண்ணின வேலைய. சொரக்குடுக்கையில தெனம் ஒரு புளியங்கொட்டை போட்டுக்கினு வந்துச்சி. நான் அப்பவே சொன்னேன், வாத்தியார் கிட்ட போய் கேளுன்னு. கேக்கல. ஒருநாளு ரெண்டுநாளு தப்புன்னா கூட பரவால்ல, ஆறு நாளு! குடிச்சிட்டு எண்ணினியான்னு கேட்டேன். வாயத் தொறக்கல."

வேடியப்பன் கதவோரம் நின்று தரையைப் பார்த்தார். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, மார்பெலும்பு தெரிந்தது.

"எத்தினி தபா சொல்லுவ? அதான் ஆயிடுச்சே" என்றார்.

"சொல்லாம? எங்க மாமனாரு வெட்டித் திருத்தின கொல்லை. நீ எண்ணத் தெரியாம வுட்டுட்ட. ஊருல பொம்பளைங்க இன்னா சிரிக்கறாளுங்க தெரியுமா?" அவள் எழுந்து அரிவாளை எடுத்தாள். "வானம் இருட்டிக்கினு வருது. மேக்கால கொல்லையில அறுத்துப் போட்டது அப்பிடியே கெடக்குது, போய் கட்டி வெச்சிட்டு வர்றேன். சாமி, நீங்க சாப்புடுங்க. எப்பிடியாவது எங்கள காப்பாத்திடுங்க."

அவள் போய்விட்டாள். அமலநாதன் கையைக் கழுவிக்கொண்டு மனுவை எடுத்தார். மை டப்பியையும் எடுத்து வைத்தார்.

"இதுல ஒரு கைநாட்டு வெச்சிடு வேடியப்பா. நான் ஒடனே எறங்கணும்."

"படிங்க சாமி."

"எல்லாம் சரியாத்தான் கீது."

"இருக்கட்டும், படிங்க. மண்டிக்காரரு புளி குத்தகைச் சீட்டுன்னு சொன்னாரு, படிக்காம வெச்சேன். அது கிரயம் பேசின பத்திரம்னு கோர்ட்டுல வந்து நிக்கிது. இனிமே படிக்காம வெக்கறதில்லன்னு ஆத்தா மேல ஆணை போட்டுட்டேன்."

அமலநாதன் படித்தார். 'மேற்படி தேதியில் நான் கடும் மலேரியா ஜுரத்தால் படுத்த படுக்கையாக இருந்தபடியால் நீதிமன்றத்தில் ஆஜராக இயலவில்லை' என்ற இடம் வந்ததும் வேடியப்பன் கையை நீட்டித் தடுத்தார்.

"எனக்கு ஜொரம் வரலியே சாமி."

"எழுதறது அப்படித்தாம்பா. எல்லாரும் எழுதறதுதான். வக்கீலு சொன்னாரு."

"அன்னிக்கி நான் சாமை அறுத்துக்கினு இருந்தேன். ஊரே பாத்துச்சி. மண்டிக்காரரு ஆளு கூட அந்தப் பக்கமா போனான்." வேடியப்பன் மெதுவாக, யோசித்து யோசித்துப் பேசினார். "நாளைக்கி கூண்டுல ஏத்தி அவங்க வக்கீலு கேட்டா உளறிடுவேன். ஜொரம் பொய்யின்னு ஆயிட்டா, அப்பால அந்தப் பத்திரத்துல இன்னா எழுதியிருந்துச்சின்னு எனக்குத் தெரியாதுன்னு நான் சொன்னா யாரு நம்புவாங்க? என் கிட்ட வேற இன்னா சாமி கீது? பத்திரமில்ல, ரசீதில்ல. நான் சொல்றது நெசம்ங்கறது ஒண்ணுதான்."

பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ வக்கீல்கள் வாதாடக் கேட்டிருக்கிறார் அமலநாதன். இவ்வளவு தெளிவாக ஒரு கேஸின் அடிமடியைத் தொட்டு யாரும் பேசிக் கேட்டதில்லை.

"அப்ப இன்னா எழுதறது?" என்றார்.

"நெசத்த எழுதுங்க. நான் நாள தப்பா எண்ணிட்டேன்னு எழுதுங்க. நாந்தான் முட்டாளு, எண்ணத் தெரியாதவன்னு ஜட்ஜையா முன்னாடி சொல்றேன். அதுல எனக்கு இன்னா வெக்கம்? வூட்டுல தெனம் கேக்கறதுதான." எழுந்து, கூரைவாரையில் செருகியிருந்த மூங்கில் குழாயை எடுத்தார். தட்டினார். நாலாக மடித்த சீட்டு ஒன்று விழுந்தது. "நீங்க குடுத்த சீட்டு கூட கீது. மழைக்கு வாத்தியாரு வரல, படிச்சிக் காட்ட ஆளில்ல. பதினொண்ணுன்னுதான கீது? இதையும் சேத்துக் குடுத்துடலாம், நீங்க சரியாத்தான் எழுதிக் குடுத்தீங்கன்னு தெரியட்டும். உங்களுக்கு ஒரு கெட்டபேரு வரக்கூடாது."

அமலநாதன் வாங்கிப் பார்த்தார். புகை படிந்து பழுத்திருந்தது. அவருடைய கையெழுத்து, அவருடைய பேனாவின் நீல மை. 17-10. ஏழின் குறுக்கே அவர் வழக்கமாகப் போடுகிற சின்னக் கோடு கூட அழியாமல் இருந்தது.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், கானாற்றில் செருப்பு போன மாதிரி இதுவும் போய்விடும். சாந்தாமேரியின் கல்யாணம் நடக்கும். டைரி கையில் இருக்கும். எதிரே அந்த மனிதர், அவர் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"பதினேழுன்னு கீது" என்றார் அமலநாதன்.

வேடியப்பனுக்குப் புரியவில்லை. "இன்னா சாமி?"

"பதினேழுன்னுதான் எழுதியிருக்கேன். நீ சரியாத்தான் எண்ணின. நாந்தான் தப்பா கேட்டு, தப்பா எழுதினேன். தெரிஞ்சப்பறம் டைரிய சுரண்டி மாத்தினேன். வக்கீல் கிட்டயும் பொய் சொன்னேன், உன் கிட்டயும் பொய் சொன்னேன்."

வெளியே மறுபடியும் தூறல் விழ ஆரம்பித்தது. வேடியப்பன் எழுந்து வாசலுக்குப் போனார். மூட்டத்தின் மேலே நழுவியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். கல் எடுத்து வைத்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அமலநாதன் உட்கார்ந்திருந்தார்.

வேடியப்பன் உள்ளே வந்து கோணிச்சாக்கைத் தலைக்கு மடித்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப இன்னா பண்ணணும், அத மட்டும் சொல்லுங்க."

"வேற மனு டைப் அடிக்கணும். நான் ஒரு பிரமாணப் பத்திரம் போடணும், தப்பு என்னுதுன்னு. நீயும் கூட வரணும். நாளைக்கு மூணு மணிக்குள்ள."

"நடங்க. கானாத்துல தண்ணி ஏறிடும்."

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு இறங்கினார்கள். காலையில் முழங்காலுக்கு இருந்த தண்ணீர் இப்போது இடுப்புக்கு வந்து செம்மண் நிறத்தில் புரண்டது. நடு ஆற்றில் அமலநாதனின் கால் வழுக்கியது. வேடியப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கரை ஏறியதும் விட்டுவிட்டார். சந்தவாசல் போய்ச் சேருகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போளூர். வக்கீல் தசரதன் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு ஆபீஸ் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஈர வேட்டியோடு நின்று அமலநாதன் எல்லாவற்றையும் சொன்னார். டைரியைத் திறந்து சுரண்டிய இடத்தையும் காட்டினார். பிளேடு பட்டு அந்த இடத்தில் காகிதம் மெலிந்து, பின்பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

தசரதன் கண்ணாடியைக் கழற்றினார். "தேதி தப்பா எழுதறது எவனுக்கும் வரும், அமலநாதா. அன்னிக்கே சொல்லியிருந்தா மறுநாளே மனு போட்டிருப்பேன், அரைமணி நேர வேலை. இந்த ஆள நான் இன்னா பேச்சு பேசினேன்? மலைக்காரனுங்களுக்குப் பொறுப்பு கெடையாதுன்னு இதே நாற்காலில உக்காந்து கத்தினேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்த."

"ஆமாங்க சார்."

"போ. போய் டைப் அடி. உன் அபிடவிட்டையும் நீயே அடி."

நூற்றுக்கணக்கான பிரமாணப் பத்திரங்களை அடித்த விரல்கள் அன்றைக்கு எழுத்தைத் தேடின. 'தசரதன் அவர்களிடம் குமாஸ்தாவாகப் பணிபுரியும் அமலநாதனாகிய நான்' என்று தொடங்கி, கார்பன் வைத்து மூன்று படி. இரண்டு தடவை கிழித்துப்போட்டு மறுபடி அடித்தார். பக்கத்து ஆபீஸ் வக்கீல் முன்னால் வேடியப்பனுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார்கள். மணி இரண்டரை. சிரஸ்தார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து, தேதிச் சீட்டை ஆவணப் பட்டியலில் காட்டவில்லையே என்று நிறுத்தினார். நின்ற நிலையிலேயே ஜன்னல் கட்டையில் வைத்து அமலநாதன் அதை எழுதிச் சேர்த்தார். சீல் விழுந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிஷம்.

அன்றிரவே பிலோமினாளிடம் சொன்னார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சாந்தா கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும். ஒரு மாசமா நீங்க எந்த நோயில கீறீங்கன்னு தெரியாம நான் செத்துப் பொழைச்சேன்" என்றாள்.

மனு விசாரணை கார்த்திகையில் வந்தது. பத்தொன்பது வருஷமாக மற்றவர்களை ஏற்றிவிட்ட கூண்டில் அமலநாதன் ஏறினார். கீழே, அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் மற்ற குமாஸ்தாக்கள் நின்றார்கள்.

மண்டிக்காரரின் வக்கீல் எழுந்தார். "கட்சிக்காரனைக் காப்பாற்ற இந்தச் சீட்டை மனுப் போடுகிறபோதுதான் எழுதித் தயார் பண்ணினீர்கள் என்கிறேன்."

"இல்லைங்க. புகை படிஞ்சிருக்கிறத ஐயா பாத்துக்கலாம்."

"டைரியைத் திருத்தினீர்களா?"

"திருத்தினேங்க."

"உங்கள் வக்கீலிடம் பொய் சொன்னீர்கள்?"

"சொன்னேங்க."

"கட்சிக்காரரிடமும்?"

"சொன்னேங்க."

"அப்படிப் பொய் சொல்கிறவர் இன்றைக்கு மட்டும் உண்மை சொல்கிறீர் என்று எப்படி நம்புவது?"

அமலநாதன் முன்சீப் பக்கம் திரும்பினார். "அந்தப் பொய்யெல்லாம் என்னைக் காப்பாத்திக்கச் சொன்னதுங்க" என்றார். "இதச் சொன்னா எனக்குக் கெடுதல்தான."

முன்சீப் ஒருகணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து அதை எழுதிக்கொண்டார்.

நாலு நாள் கழித்து உத்தரவு. ஒருதலைத் தீர்ப்பு நீக்கப்பட்டது, அசல் வழக்கு மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும். கொல்லை இன்னும் வேடியப்பன் கையில். கேஸ் நடக்க வேண்டியது நடக்கும்.

வராந்தாவில் தசரதன் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாளையிலிருந்து டைரி என் கிட்டயே இருக்கட்டும். நீ நகல் மனு, ரிட்டர்ன் ஆகி வர்ற மனு வேலை பாரு."

"சரிங்க சார்." வேலை போகவில்லை என்பது அவர் மனதில் ஏற அரை நிமிஷம் பிடித்தது. சந்தோஷமா அவமானமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வாசலில் வேடியப்பன் துண்டை அவிழ்த்துக் கட்டியபடி நின்றிருந்தார். மலையில் அன்றைக்குப் பேச்சு நின்றது நின்றதுதான், தேவைக்கு மேலே ஒரு வார்த்தை இதுவரை இல்லை. அமலநாதன் கிட்டே போனார்.

"வேடியப்பா, நல்லபடியா ஆச்சி. பஸ் ஓடுது, இருட்டறதுக்கு முந்தி போய்டலாம்."

"நீங்களும் வரணும் சாமி."

"நானா? எதுக்கு?"

"எங்க வூட்டுக்காரி கிட்ட சொன்னேன், தப்பு குமாஸ்தா ஐயாவுதுன்னு. நம்பமாட்டேங்கறா. படிச்ச மனுசன், மழையில நமக்கோசரம் நடந்து வந்தாரு, உன் தப்ப அவரு மேல போடறியான்னு இன்னும் திட்டறா. ரெண்டு நாளு சோறு போடல." வேடியப்பன் முதல்முறையாக அவர் கண்ணைப் பார்த்தார். "ஜட்ஜையா கிட்ட சொன்னத அவ கிட்ட ஒரு தபா சொல்லிடுங்க. அது போதும் எனக்கு."

கூண்டில் ஏறினது கூட அமலநாதனுக்கு இதைவிடச் சுலபமாக இருந்தது. ஆனாலும் பஸ் ஏறினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கன்னியம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற வெயிலில் தூசி பொன்னாகப் பறந்தது. "வாங்க சாமி" என்று எழுந்தவளை உட்காரச் சொல்லாமல், தானும் உட்காராமல், அமலநாதன் நின்றபடியே சொன்னார். பதினொண்ணு பதினேழாக ஆனதிலிருந்து, பிளேடால் சுரண்டினதிலிருந்து, உன் காதில் எப்படி விழுந்ததோ என்று சொன்னதுவரை எதையும் விடவில்லை.

கன்னியம்மாள் முறத்தை அப்படியே மடியில் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா? நான் சரியாத்தான் எண்ணினேன்னு ஒரு வார்த்தை எதுத்துச் சொல்றதுக்கு இன்னா உனக்கு? அத்தினி நாளு நான் திட்டத் திட்ட கல்லு மாதிரி நின்னியே."

வேடியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு சொன்னாரு" என்றார். "நானும் நாந்தான் தப்பா எண்ணிட்டேன்னு நம்பிட்டேன் புள்ள."